ஒரு சாண் குழாய்

காலையில் ஷெட் கதவைத் திறந்ததும் முகத்தில் பெட்ரோல் வாசனை அடித்தால், பழைய கார் வைத்திருப்பவருக்கு அன்றைய பொழுது போயிற்று. பானட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கிடக்கும் ஒரு சாண் ரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பார்க்கிறார். நல்ல குழாய் என்றால் அழுத்தியதும் திமிறிக்கொண்டு நிமிரும். இதுவோ முற்றிப்போன பூரணம் போலக் குழைகிறது. விரலில் மையாக ஒட்டுகிறது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் பழுக்கச் சூடேறும் புகைக்குழாய் இருக்கிறது.

குழாயைக் குறை சொல்வது நியாயமில்லை. அது பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இப்போது அதற்குள் ஓடுவது வெறும் பெட்ரோல் அல்ல. 2003ல் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் 20 சதவீதக் கலப்பைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். 2030க்கு என்று வைத்திருந்த இலக்கு 2025க்கு இழுக்கப்பட்டு, அந்த ஆண்டே எட்டப்பட்டது. கரும்பு விவசாயிக்குப் பணம், கச்சா எண்ணெய் இறக்குமதியில் மிச்சம் என்ற நோக்கங்களோடு சண்டை போடுவது கஷ்டம். கலப்பில்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. ஆக, பெட்ரோல் மாறப்போவதில்லை. குழாய்தான் மாற வேண்டும்.

பழைய ரப்பர் எத்தனாலைக் குடித்து ஊதும், மிருதுவாகும், காய்ந்தால் வெடிக்கும். அது உதிர்க்கும் துகள் கார்புரேட்டரின் ஊசித் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். பம்புக்குள் இருக்கும் ரப்பர்த் தகட்டுக்கும் இதே கதிதான். எத்தனாலுக்கு இன்னொரு குணம், தண்ணீர் மேல் தீராத ஆசை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தொட்டியின் அடியில் படியும். எஞ்சினுக்குப் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். தொட்டியின் இரும்பு, கார்புரேட்டரின் துத்தநாகம், அலுமினியம் எல்லாம் அரிக்க ஆரம்பிக்கும்.

சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீஸிலேயே முடித்துவிடலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. தினமும் ஆபீஸ் போய்வரும் காருக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் அப்பா வைத்துவிட்டுப் போன 1960களின் ஃபியட் 1100ஐத் தட்டிக்கொட்டி உயிர்ப்பிக்கும் தில்லிக்காரரின் கணக்கு வேறு. அரசுச் சம்பளத்தில் கடன் போட்டு, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்து அனுப்பிய வண்டியை எடுத்த தலைமுறையின் கார் அது. 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராக பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் கெடுபிடி செய்த நகரத்தில், 50 வயது தாண்டிய வண்டிக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 'விண்டேஜ்' வாகனம் என்று பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021ல் விதி கொண்டுவந்தது. நிபந்தனை: கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது.

கார் நிற்க வேண்டும் என்கிறது சட்டம். நின்றால் கெடுப்பேன் என்கிறது பெட்ரோல். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ல் தொடங்கிவைத்த பழைய கார் பேரணிக்காக ஒரு நாள் துடைத்து எடுக்கும் வண்டி, மற்ற மாதங்களில் பாதி நிரம்பிய தொட்டியோடு ஷெட்டில் கிடக்கிறது. வெளியே ஜூலையின் புழுக்கம், அப்புறம் ஜனவரியின் மூடுபனி. இந்த வண்டிக்கு 20,000 கிலோமீட்டர் என்பது ஒரு ஜென்மக் கணக்கு. அதன் குழாய்க்கு வயதாவது நாளால்தான், தூரத்தால் அல்ல. அமைச்சகத்தின் விளக்கத்தில் இந்த வண்டி இல்லை.

இன்னும் துணிச்சல்காரர்கள் முழு எத்தனாலிலேயே ஓட்டிப் பார்க்க நினைக்கிறார்கள். நினைப்புக்கு ஆதாரமும் தில்லியிலேயே கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் எத்தனாலில் ஓடக்கூடிய டொயோட்டா இன்னோவா மாதிரியை நிதின் கட்கரி இங்கேதான் வெளியிட்டார். 2024 மார்ச்சில் இர்வின் ரோடு பங்கில் 'எத்தனால் 100' விற்பனை தொடங்கியது. தமிழ்நாடு உள்பட ஐந்து இடங்களில் 183 பங்குகளில் கிடைக்கும் என்றார்கள். பிரேசிலில் 1979லேயே தொழிற்சாலையிலிருந்து எத்தனால் கார் வந்துவிட்டது. அதுவும் ஒரு ஃபியட்தான், 147. ஆனால் அங்கே குழாயைப் பற்றிக் கவலைப்பட்டது கம்பெனி. இங்கே பழைய வண்டியில் கை வைப்பவர் தானே கம்பெனி.

முழு எத்தனால் என்றால் குழாயின் துளையும் பெரிதாக வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே ஓட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். 6 மி.மீ. துளையை 8 மி.மீ. ஆக்கினால் பரப்பு ஒன்றேமுக்கால் மடங்கு ஆகிவிடும், அது போதும்.

குழாய் வாங்க காஷ்மீரி கேட் போக வேண்டும். உதிரி பாகக் கடைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் சந்துகள். எத்தனாலுக்குத் தாங்குமா என்று கேட்டால் கடைக்காரர் தலையைத் தூக்காமலே "சப் சல்தா ஹை" என்பார். இதைத் தமிழில் 'எல்லாம் ஓடும்' என்றும் சொல்லலாம், 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்றும் சொல்லலாம். முதல் அர்த்தத்தை நம்பிப் பணம் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது அர்த்தம்தான் கிடைக்கிறது.

அவர் வாயைவிடக் குழாயின் முதுகில் அச்சடித்திருப்பதைப் படிப்பது மேல். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6, ஆர்7 என்றிருந்தால் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கான சாதாரண ரகம். ஆர்9 என்றால் உள்ளே ஃபுளோரோ ரப்பர் படலம் உண்டு. எத்தனால் அதை எளிதில் தொடாது. ஆர்14 ரகத்தில் எரிபொருள் ஆவியைக் கசியவிடாத தடுப்பு அடுக்கு இருக்கும். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தொடவே வேண்டாம்; சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துவிடும். எஃகு வலை பின்னிய டெஃப்லான் குழாய் எல்லாவற்றையும் தாங்கும், பார்க்கவும் ஜோர். ஆனால் உள்ளே கார்பன் கலந்த ரகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் எரிபொருள் உண்டாக்கும் மின்னேற்றம் வெளியேற வழியின்றி, டெஃப்லானையே பொத்துக்கொண்டு பொறியாகலாம்.

சிக்கல் என்னவென்றால், காசு கொடுப்பது உள்ளே இருக்கும் படலத்துக்கு. கண்ணுக்குத் தெரிவது வெளியே இருக்கும் கறுப்பு ரப்பர். எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். துண்டு வெட்டிப் பாட்டிலில் ஊறப்போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஏமாற்றும், வெளி ரப்பர் ஊதி, நல்ல குழாயையும் கெட்டதாகக் காட்டும். ஒரு முழத் துண்டில் முக்கால்வாசி எரிபொருள் ஊற்றி, இரண்டு வாயையும் போல்ட் வைத்து அடைத்து, கிளிப் மாட்டி, நெருப்பு அண்டாத நிழலில் தொங்கவிடுவதே சரியான சோதனை. முதல் நாளும் பதினைந்தாம் நாளும் எடை பார்க்க வேண்டும். குழாயின் சதை வழியே ஆவி வெளியேறியிருந்தால் எடை காட்டிக் கொடுத்துவிடும். சமையலறைத் தராசு போதாது. கிராமுக்குக் கீழே காட்டுகிற தராசு வேண்டும். ஒரு குழாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

மாட்டும் வேலை அரை நாள். காரின் அடியில் தொட்டியிலிருந்து முன்பக்கம் வரை ஓடும் உலோகக் குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தால் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலுக்கு மாறுவது நல்லது. செம்பு வளைக்கச் சுலபம்தான். ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். ரப்பர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தொட்டிப் பக்கம் ஒரு துண்டு, எஞ்சின் குலுங்குகிற இடத்தில் ஒரு துண்டு. புகைக்குழாயிடமிருந்து தள்ளியே இருக்க வேண்டும், தீக்காக மட்டுமல்ல. தில்லியின் மே மாதத்தில் சூடு ஏறினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, சிக்னலில் வண்டி நின்றுவிடும். வரிவரியாகப் பல் வெட்டிய கிளிப் ரப்பரை அறுக்கும். விளிம்பு மடித்த வழவழப்பான கிளிப் வேண்டும். தொட்டியில் பல வருஷமாக ஒட்டியிருக்கும் கசடை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைக்கும். இரண்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் பக்கத்தில் தீயணைப்பான் இருக்கிறது. பம்பின் கைப்பிடியைச் சில முறை தட்டியதும் ஃபில்டர் நிறைகிறது. எஞ்சின் இருமி, தயங்கி, பிடித்துக்கொள்கிறது. தெருப்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவர் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. டார்ச்சோடு குனிந்து, ஒவ்வொரு கிளிப்பாக விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.