ஊர்காவற்றுறையில் ஒரு வால்வு ரெஸ்ரர்

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். அந்த உப்புக்காற்றுக்குள்ளால் வேலணை தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போனது, பழைய வால்வு அம்ப்ளிபயர் திருத்தும் ஒருவரைப் பார்க்க. கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்துச் செற்றுகள் அவருடைய முன் அறையில் அடுக்கிக் கிடக்கின்றன. 1990 இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போன வீடுகளில் கிடந்தவையும் அதற்குள் உண்டு என்றார்.

நான் பார்க்க வந்தது அவர் தானே செய்த வால்வு ரெஸ்ரரை. பலகைப் பெட்டி, மேலே அலுமினியத் தகடு, தகட்டில் எட்டுப் பின் சொக்கெற் ஒன்று, ஒன்பது பின் சொக்கெற் ஒன்று. உள்ளே, உடைத்துப்போட்ட வால்வு றேடியோவின் ட்ரான்ஸ்போமர். ஹீற்றருக்கு 6.3 வோல்ற்றும் பிளேற்றுக்கான உயர்வோல்ற்றும் அதிலிருந்தே வருகின்றன. கிரிட்டுக்கு வேண்டிய நெகற்றிவ் வோல்ற்றுக்கு மட்டும் இன்னொரு சின்ன ட்ரான்ஸ்போமர்.

எட்டுப் பின் சொக்கெற்றில் முதலாம் பின்னையும் எட்டாம் பின்னையும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார். 6வி6, 6எல்6, ஈ.எல்.34 மூன்றுக்கும் ஹீற்றர், பிளேற், ஸ்கிரீன், கிரிட், கதோட் எல்லாம் ஒரே பின்களில்தான் வரும். ஈ.எல்.34இல் மூன்றாவது கிரிட் மட்டும் தனியாக முதலாம் பின்னுக்கு வருவதால் அந்தச் சின்ன இணைப்பு. ஒரு சொக்கெற் மூன்று வகைக்கும் போதும்.

“சிவப்பா எரியுது எண்டிட்டு நல்லது எண்டு சொல்லேலாது தம்பி. வேலை செய்யேக்க எப்பிடி நிக்குமோ அப்பிடி வைச்சுத்தான் பாக்கோணும்.”

இதுதான் இந்தப் பெட்டியின் உயிர். எரிவது ஹீற்றர். கதோட்டிலிருந்து எலெக்ரோன் போதியளவு வருகிறதா, கிரிட் அதை அடக்குகிறதா என்பது வெளிச்சத்தில் தெரியாது.

புங்குடுதீவிலிருந்து ஒருவர் கொண்டுவந்த அம்ப்ளிபயர் மேசையில் இருந்தது. பிளேற்றுகள் சிவந்து பழுக்கின்றன, இரண்டு ஈ.எல்.84உம் முடிந்துவிட்டன என்று சொல்லி, வீட்டில் கிடந்த வேறு இரண்டையும் சேர்த்துத் தந்திருந்தார். முதலில் பின்களைப் பார்த்தோம். உப்புக்காற்றில் கறுத்திருந்தன. பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்த பிறகே சொக்கெற்றில் ஏற்றினார். உயர்வோல்ற்றைக் கொடுக்கமுன் நியோன் விளக்கால் ஷோட் சோதனை. வால்வு சூடாக இருக்கையில் பென்சிலால் மெல்லத் தட்டுகிறார். உள்ளே எதுவும் தொட்டுக்கொண்டால் நியோன் மின்னும்.

பிறகு பிளேற்றுக்கும் ஸ்கிரீனுக்கும் 250 வோல்ற்று, கிரிட்டுக்கு மைனஸ் 7.3. கதோட்டின் வழியில் 1 ஓம் ரெசிஸ்ரர். அதன் குறுக்கே சாதாரண டிஜிற்றல் மீற்றர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ற்றும் ஒரு மில்லிஅம்பியர். பிளேற் வயரில் அளந்தால் மீற்றரே 250 வோல்ற்றில் நிற்கும், ஆபத்து. கதோட்டில் அளப்பதால் பிளேற்றின் 48உடன் ஸ்கிரீனின் 5.5உம் சேரும், ஆக நல்ல வால்வு 53 அளவில் நிற்கவேண்டும். 250ஐ 48 மில்லிஅம்பியரால் பெருக்கினால் 12 வாற், ஈ.எல்.84இன் பிளேற் தாங்கும் எல்லையே அதுதான். அதனால் எண்ணைக் குறித்ததும் ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறார். கிரிட்டை ஒரு வோல்ற்று அசைத்து ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்றும் பார்க்கிறார். ஸ்கிரீனும் சேர்ந்து 12 மில்லிஅம்பியரை ஒட்டி மாறினால் வால்வுக்கு இன்னும் பலம் இருக்கிறது.

முடிந்துவிட்டதாகச் சொன்ன இரண்டும் 52, 51. புஷ்-புல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சோடி கிடைப்பது அரிது! வீட்டில் கிடந்ததில் ஒன்று 34. மற்றதில், கிரிட் வழியில் பெரிய ரெசிஸ்ரரை நுழைக்கும் சுவிட்சை அழுத்தியதும் ஓட்டம் ஏறத் தொடங்கியது. உள்ளே வாயு புகுந்த வால்வு.

அப்படியானால் பிளேற் ஏன் பழுத்தது? அம்ப்ளிபயரில் வால்வுகளைக் கழற்றிவிட்டு, கிரிட் வரும் இரண்டாம் பின்னில் அளந்து காட்டினார். பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் பொசிற்றிவ் வோல்ற்று. முந்திய வால்வின் பிளேற்றிலிருந்து வரும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. கிரிட் அடக்கவேண்டிய ஓட்டத்தை அதுவே அவிழ்த்துவிட்டிருக்கிறது. அளக்காமல் புது வால்வு போட்டிருந்தால் அதுவும் பழுத்திருக்கும்.

நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ ஒரு செற் வருவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். அத்தனை தூரம் சுமந்துவந்தவரிடம் ஊகத்தில் வால்வு மாற்றிக் காசு வாங்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இதைப் பார்த்துச் செய்ய விரும்பும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுவிட்சை நிறுத்திய பின்னும் கண்டென்சர்களில் உயிர்போக்கும் வோல்ற்று நிற்கும். அதை வடியவிட இவர் ஒரு ரெசிஸ்ரரை நிரந்தரமாகவே பூட்டியிருக்கிறார். அப்படியிருந்தும் மீற்றர் பூச்சியம் காட்டும்வரை உள்ளே கை வைப்பதில்லை.

நான் புறப்படும்போது கசிந்த கண்டென்சரை வெட்டி எடுத்துவிட்டு, அதன் சோடியையும் மாற்றிக்கொண்டிருந்தார். 34 காட்டிய வால்வை வீசவில்லை. சத்தம் குறைவாக வைத்துக் கேட்கும் வீட்டு றேடியோவுக்கு அது இன்னும் உழைக்கும் என்று, அந்த எண்ணைப் பெட்டியில் எழுதி வைத்தார்.