மறைந்த ரயில்வேயின் பெயரும் மறையாத பாஸும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதை இன்று தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது; விடுதலைக்கு முன் அதில் வண்டிகளை இயக்கியது, மக்கள் 'எஸ்.ஐ.ஆர்.' என்று சுருக்கி அழைத்த தென்னிந்திய ரயில்வே. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் மதுரையை விட்டுப் புறப்பட்ட வேங்கடராமன் என்னும் இளைஞர், பழைய நிலப்படம் ஒன்றை நம்பித் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினார்; திருவண்ணாமலைக்கே பாதை போடப்பட்டுவிட்டது என்பதை வண்டியில் உடன் வந்த மௌலவி ஒருவர் சொல்லித்தான் அறிந்தார். அந்த இளைஞரே பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர்பெற்றார். அவரை இத்தலத்துக்குக் கொண்டுவந்த ரயில்வேயின் பெயரோ இன்று வழக்கில் இல்லை.

1874இல் இரு நிறுவனங்களின் இணைப்பால் தோன்றிய எஸ்.ஐ.ஆர்., 1944 ஏப்ரல் 1இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்து, 1951 ஏப்ரல் 14இல் மதராஸ் - தென்மராட்டா ரயில்வே, மைசூர் அரசு ரயில்வே ஆகியவற்றோடு சேர்ந்து தெற்கு ரயில்வே என்னும் மண்டலமாயிற்று. பாதை, பணிமனை, பணியாளர், கடன் என ஒவ்வொன்றும் கைமாறியபோது, பெயர் யாருக்குப் போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அரசின் ஏகபோகமாகிவிட்ட தொழிலில் அக்கேள்விக்கு அன்று தேவையும் எழவில்லை.

இன்று தேவை எழுந்துள்ளது. வணிகக் குறி என்பது ஒருவரின் சரக்கையோ சேவையையோ பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அல்லது சின்னம். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி அதன் பதிவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத குறியைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரவும் வழியுண்டு. டார்ஜிலிங் இமாலய ரயில்வேயின் இரு சின்னங்களை இந்திய ரயில்வே 2021இல் தன் அறிவுசார் சொத்தாகப் பதிந்துகொண்டது. 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்ற சுருக்கப் பெயருக்காகக் கேரள, கர்நாடகப் பேருந்துக் கழகங்கள் பல்லாண்டுகள் வழக்காடியதும், 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளியதும் பலர் அறிந்தவை. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் நிறுவனம், தான் விழுங்கிய பழைய ரயில் நிறுவனங்களின் பெயர்களையும் தன் உடைமையாக்கி, பொம்மை ரயில் செய்வோரிடம் கட்டணம் கேட்டு 2004இல் வழக்கும் தொடுத்தது. எதிர்ப்பு வலுக்கவே 2006இல் அக்கட்டணத்தைக் கைவிட்டது. அங்ஙனம் கைவிட்டதே நியாயம். வேலை வாங்கித் தருவதாக ரயில்வேயின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவோரிடமிருந்து அப்பெயரைக் காப்பது அரசின் கடமை. வரலாறு எழுதுபவரிடமும் மாதிரி வண்டி செய்பவரிடமும் அதற்கு விலை கேட்பது முறையாகாது.

பெயர் மறைந்த போதும் மறையாமல் நின்ற ஒன்று உண்டு. அதுவே பணியாளரின் ரயில் பயணப் பாஸ். நிறுவனங்கள் தனித்தனியே இருந்த நாளில், சொந்தப் பாதை, அயல் பாதை என்ற வேறுபாடு அதற்கும் இருந்தது; மண்டலங்கள் ஒரே அரசின் கீழ் வந்ததும் அவ்வெல்லை தளர்ந்தது. 1986ஆம் ஆண்டின் பாஸ் விதிகள், அரசிதழ் பதிவு பெறாத ஊழியருக்கு முதல் ஐந்தாண்டில் ஆண்டுக்கு ஒரு செட்டும் அதன்பின் மூன்று செட்டும் வழங்குகின்றன. போகவும் திரும்பவும் சேர்ந்ததே ஒரு செட். இதற்கு மேல், மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் பயணம் செய்ய உதவும் 'பி.டி.ஓ.' என்னும் சலுகை ஆணையும் உண்டு. குறிப்பிட்ட காலம் பணிபுரிந்து ஓய்வுபெற்றோருக்கும் பாஸ் தொடர்கிறது. அவர்கள் மறைந்தபின் மனைவிக்கும் ஓரளவு கிடைக்கிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலத்துக்குக் குடும்பத்தோடு வந்திறங்கும் ஓய்வுபெற்ற கேட் கீப்பரும் பாயிண்ட்ஸ்மேனும் கையில் வைத்திருக்கும் பாஸை இலவசம் என்று வெளியார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இரவும் பகலும் வெயிலிலும் மழையிலும் பாதையைக் காத்த உழைப்புக்கான ஊதியத்தில் அதுவும் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

நாளும் வழித்தடமும் பதவியும் வழங்கிய ரயில்வேயின் பெயரும் தாங்கிய காகித பாஸ், வரலாற்றுக்கு ஓர் ஆவணமுமாகும். 2020 முதல் பாஸ் கணினி வழி வழங்கப்படுவதால் இனி அத்தகைய தாள் சேரப் போவதில்லை. எஸ்.ஐ.ஆரின் தலைமையகமாயிருந்த திருச்சிராப்பள்ளியில் இன்று ரயில்வே அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பாஸோ பணி அடையாளமோ வைத்திருக்கும் குடும்பங்கள், அவற்றைப் பழைய தாளோடு போட்டுவிடாமல் அங்குச் சேர்ப்பிக்க வேண்டும். அருங்காட்சியகமும் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.