தமிழ் வரக்கொள மட்டும் கறுப்பு

கெலிஓயா பஸாரில் ஒரு மருந்துக்கடை. உள்ளே, மருந்துக்குக் காத்திருப்பவர்களுக்கு எதிரே சுவரில் ஒரு டீவி. அதற்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு மீடியா பிளேயர். டெங்கு பற்றிய மூன்று வீடியோக்கள் காலையிலிருந்து கடை சாத்தும்வரை அதில் சுற்றிச் சுற்றி ஓடும். சிங்களம், ஆங்கிலம், தமிழ்.

சிங்களமும் ஆங்கிலமும் ஆயத்தமாகவே கடைக்கு வந்தன. தமிழ் வரவில்லை. கடைக்கார நானா எங்களிடம் கேட்டார். நாங்கள் மூன்று பேர். ஒருத்தி பேராதனை கம்பஸ், மற்ற இரண்டு பேரும் வேலை தேடிக்கொண்டிருக்கிறோம். 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தபோது எங்கள் மூன்று வீட்டிலும் ஆள் படுத்தவர்கள்தான். அதனால் உடனே சரி என்றோம். வீட்டுப் பின்பக்கம் கிடந்த டயர், பூச்சட்டித் தட்டு, யோகட் கப் எல்லாவற்றையும் ஒரு ஐபோனில் எடுத்தோம். "காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம்" என்று குரல் கொடுத்தோம். பென் ட்ரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாள் நானா கோல் எடுத்தார்.

"தங்கச்சி, தமிழ் வரக்கொள மட்டும் டீவி கறுத்துப் போகுது. சத்தம் மட்டும் வருது."

போய்ப் பார்த்தோம். உண்மைதான். சிங்களம் பளிச்சென்று ஓடியது. ஆங்கிலமும் ஓடியது. பிறகு கறுப்பு, அதற்குள்ளிருந்து எங்கள் குரல். வாங்கில் இருந்த தோட்டத்து அம்மா ஒருவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நம்ம பாஷை வாறப்ப மட்டும்தான் இருட்டாகும்."

அந்த ஒரு வசனம் எங்களைச் சூடாக்கிவிட்டது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து உடைந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பெட்டியைப் பூட்டிய ஆள் சிங்களவர். எங்களில் ஒருவன் அங்கேயே நின்று அவருக்குக் கோல் எடுத்து, "தமிழை மட்டும் ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேவிட்டான். அவர் கோபப்படவில்லை. "ஃபைலைப் பாருங்க மல்லி" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தோம். எச்டிஎம்ஐ வயரில் பிழை இருக்க முடியாது, மற்ற இரண்டும் அதே வயரில்தான் வருகின்றன. தமிழை முதலாவதாகப் போட்டோம். கறுப்பு. ஃபைலின் பெயர் தமிழில் இருப்பதால்தானோ என்று ஆங்கிலத்துக்கு மாற்றினோம். அப்போதும் கறுப்பு. ஆனால் எங்கள் லெப்டொப்பில் விஎல்சியில் போட்டால் அழகாக ஓடுகிறது!

அதே விஎல்சியில் கொன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும். அங்கேதான் விடை இருந்தது. சிங்களமும் ஆங்கிலமும் எச்.264. எங்களுடையது எச்.265. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் வீடியோவை இப்படித்தான் சேமிக்கின்றன, இடம் கிட்டத்தட்ட பாதிதான் பிடிக்கும் என்பதற்காக. விஎல்சி பெரும்பாலான சுருக்கங்களைச் சொப்ட்வெயாரிலேயே விரித்துவிடும். சின்னப் பெட்டிக்கு அந்தப் பலம் இல்லை. அதன் சிப்புக்கு எது தெரியுமோ அதுதான் ஓடும். சத்தம் மூன்றிலும் ஒரே ஏஏசி முறை, அதனால் அது மட்டும் தப்பியது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச சொப்ட்வெயாரில் போட்டு எச்.264க்கு மாற்றினோம். 1920க்கு 1080, நொடிக்கு மாறாத 30 ஃபிரேம், 8 பிட். பத்து நிமிட வேலை. டயரும் யோகட் கப்பும் டீவியில் வந்தன.

கீழே ஓடும் எழுத்து வரியில் இன்னொரு கூத்து. அதில் கெலிஓயாவின் முதல் எழுத்தே பிழை. கம்ப்யூட்டருக்குள் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்றுதான் பதிவாகும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் காட்டும் மென்பொருளின் வேலை. அந்தப் பெட்டி அதைச் செய்யாததால், கொம்பு 'க'வை விட்டுவிட்டுப் போய் 'லி'க்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. வரியைப் படமாகவே செய்து வீடியோவுக்குள் வைத்தோம். சரியானது.

வெளியே வந்து அந்த ஆளுக்கு மறுபடி கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல மல்லி, எனக்கும் முந்தி நடந்திருக்கு" என்றார். வெட்கமாக இருந்தது. போனை எடுக்குமுன் கொன்ட்ரோல், ஜேயை அழுத்தியிருக்கலாம்.

ஆனால் அந்த அம்மா சொன்னதை முழுப் பிழை என்றும் எங்களால் தள்ள முடியவில்லை. பெட்டி பாரபட்சம் பார்க்கவில்லை, உண்மை. மற்ற இரண்டும் ஸ்டூடியோவில் செய்து, சோதித்து வந்தன. தமிழ் மட்டும் ஒரு போனில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தெரியாத மூன்று பேர் செய்தது. கறுப்பு அங்கிருந்துதான் வந்தது. எழுத்து உடைந்ததும் அப்படித்தான். யாரும் வேண்டுமென்று உடைக்கவில்லை, தமிழில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

இப்போது வேறு இரண்டு கடைகளும் கேட்டிருக்கின்றன. இந்த முறை போனின் கேமரா செட்டிங்கில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தெரிந்துவிட்டுத்தான் எடுத்தோம். கொடுக்குமுன் அந்தந்தக் கடையின் பெட்டியிலேயே போட்டு, முழுதாக ஓடி முடியும்வரை நின்று பார்த்தோம். நீங்களும் உங்கள் ஊரில் இப்படி ஒன்று செய்தால் லெப்டொப்பில் பார்த்ததோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அந்த அம்மாவை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. மருந்து எடுக்க வந்திருந்தால் பார்த்திருப்பார்.