ஸீனும் ஸாதும் பிரிந்து ஒலிக்க

தஜ்வீத் பயிலும் பிள்ளைகளுக்கு எந்த இயர்போன் ஏற்றது என வில்லியனூர்ப் பெற்றோர் சிலர் வினவினர். அதன்பொருட்டு, காதுக்குள் பொருந்தும் இரண்டில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் ஓதலை ஒரு வாரம் மாறிமாறிக் கேட்டேன். 1961இல் வெளியான, முழுக் குர்ஆனின் முதல் முரத்தல் ஒலிப்பதிவு அவருடையதே.

முதலாவது, தாழொலியை மிகுத்துக் காட்டுவது. குரல் கம்பீரமாக ஒலித்தது. ஆயினும் மெலிந்து ஒலிக்க வேண்டிய ஸீன், தடித்து ஸாத் போலத் தோன்றிற்று. ‘அஸா’ என்பதில் ஸீன் வந்தால் ‘கூடும்’ என்று பொருள். ஸாத் வந்தால் ‘மாறுசெய்தான்’ என்றாகிவிடும். பிள்ளைகள் கேட்டதைத்தானே ஓதுவார்கள்!

இரண்டாவது, சமனான ஒலி உடையது. எழுத்துகள் தெளிவாகப் பிரிந்தன. அதன் சிலிக்கான் முனை அரைமணியில் காதை உறுத்தியது. சிறிய முனையை மாற்றியதும் அது நீங்கிற்று. முனை செவ்வனே பொருந்தினால் வெளியிரைச்சல் குறையும். ஒலியைக் கூட்டவும் நேராது. சிறார்க்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரமே உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு.

செவி அல்லாஹ் அளித்த அமானிதம்; அதுபற்றி மறுமையில் வினவப்படுவோம். ஆகவே இரண்டாவதையே பரிந்துரைத்தேன். எனினும், உஸ்தாதின் முன் அமர்ந்து, அவர் வாயசைவைப் பார்த்து ஓதுவதற்கு எக்கருவியும் ஈடாகாது.