ஏரியில் ஒரு சீனப் பாய்

கீழ்பென்னாத்தூரில் கடல் கிடையாது. ஏரி உண்டு, அதிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். திருவண்ணாமலை ஐயங்குளத்தில் தீபத்துக்கு அப்புறம் தெப்பம் விடுவார்கள், ஆனால் தெப்பத்துக்குப் பாய்மரம் ஏது? இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் சீனப் பாய்மரத்துக்கு அளவு போட்டால், வீட்டில் என்னை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

காரணம் அண்ணன் மகன். ஆறாம் வகுப்பு. திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போகணும். மாட்டேன் என்று நாலு நாளாகச் சோற்றின் மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாய்மரக் கப்பல் செஞ்சு ஏரியில வுட்டுக் காட்டறேன். போறியா?" என்று வாயை விட்டேன்.

"மெய்யாலுமே காத்துலயே போவணும் சித்தப்பா. தள்ளிவுடக் கூடாது!"

சீனப் பாய் நமக்கு அந்நியமில்லை. 1409-ல் செங் ஹோவின் கப்பற்படைக்காக சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த கல்வெட்டு, இலங்கையில் காலியில் கிடைத்திருக்கிறது. அப்புறம் 1960-ல் ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர், 25 அடிப் படகில் இந்தப் பாயை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினார். போட்டியில் 48 நாளில் இரண்டாவது இடம். பாயின் குறுக்கே வரிசையாக மூங்கில் சட்டங்கள். காற்று முரண்டு பிடித்தால் கயிற்றைத் தளர்த்தினால் போதும், மூங்கில் தட்டி மாதிரி அடிக்கட்டம் மடிந்து உட்கார்ந்துவிடும். மரத்தை இழுத்துக் கட்டப் பக்கக் கயிறுகளும் வேண்டாம்.

வேண்டாம் என்பதுதான் வில்லங்கமே. அவ்வளவு பாரத்தையும் மரம் ஒண்டியாகத் தாங்கணும். நான் வைத்த முதல் மரம் 6 மில்லிமீட்டர் குச்சி, மேல்தட்டில் பசை போட்டு ஒட்டியது. ஃபேனைப் போட்டதும் 'பட்'! குறுக்களவை இரட்டித்தால் பலம் எட்டு மடங்கு என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. 12 மில்லிமீட்டரில் வேறு மரம் சீவி, மேல்தட்டைத் துளைத்து அடிவரை இறக்கினேன்.

படகு 75 சென்டிமீட்டர், ஹாஸ்லர் படகில் பத்தில் ஒன்று. அப்பாவின் பழைய வேட்டியில் 40-க்கு 55 சென்டிமீட்டர் பாய், ஆறு கட்டம். அகலத்தில் 6 சென்டிமீட்டர் மரத்துக்கு முன்பக்கம். பின்னாலேயே முழுப் பாயும் இருந்தால் படகு மூக்கைக் காற்றுப் பக்கமே திருப்பிக்கொள்ளும்.

சனிக்கிழமை ஏரியில் விட்டோம். இரண்டு முழம் கம்பீரமாகப் போனது. தொப்பென்று கவிழ்ந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது திட்டியிருக்கலாம்.

ராத்திரி ஆபீஸ் பேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் பாயின் பரப்பு நூறில் ஒன்று. படகின் கனமோ ஆயிரத்தில் ஒன்று! நெம்பும் நீளத்தையும் சேர்த்தால், காற்று கவிழ்க்கும் வேகம் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய, படகு நிமிரும் பலம் பத்தாயிரத்தில் ஒன்றாகப் போய்விடுகிறது. அளவைச் சுருக்கினேனே தவிர, காற்றைச் சுருக்க மறந்துவிட்டேன். (கணக்கு வாத்தியார் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான்.)

ஞாயிறு காலை பட்டறையில் ஒரு இரும்புப் பட்டை வாங்கி, படகுக்கு அடியில் ஒரு சாண் கீழே தொங்கவிட்டேன். பாயில் இரண்டு கட்டத்தை இறக்கி நாலோடு நிறுத்தினேன். சாயங்காலக் காற்று. படகு சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போவுது சித்தப்பா! போவுது!"

நடு ஏரிக் கருவேல மரம் வரை போய் முட்டிக்கொண்டு நின்றது. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி எடுத்து வந்தது நான்தான்.

திங்கட்கிழமை அழாமல் பஸ் ஏறினான். பாயை மட்டும் கழற்றிச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். படகு என் மேஜைக்கடியில் கிடக்கிறது. பொங்கல் லீவில் ஆறு கட்டமும் ஏற்றணுமாம். அதற்குள் அடியில் கனத்தைக் கூட்டி வைக்கும்படி எனக்கு உத்தரவு.