பெல்ட்டை எதில் மாட்டுவது?

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் இரும்பு வளைவு ஒன்று சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்த மாதிரி செய்தி வந்தாலே டீக்கடையில் விழும் முதல் கேள்வி, "பெல்ட் போட்டிருந்தானா?" என்பதுதான். பாதிக் கேள்வி அது. போட்ட பெல்ட்டை எதில் மாட்டினான் என்று யாரும் கேட்பதில்லை.

மின்நிலையம் பெரிய விஷயம், புரியாது என்றால் ஒரு அரங்கத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால். சிஸம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். 2023இல் மாநகராட்சி இதைப் புதுப்பிக்க ஆரம்பித்தது. இப்படிப்பட்ட பழைய கட்டிடத்தில் உயரத்தில் வேலை செய்பவனை எப்படிக் காப்பாற்றுவது? நினைப்பதைவிடச் சிக்கலான கேள்வி.

கச்சேரிக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் வழவழவென்று கூரை தெரியும். பல அரங்குகளில் அது கம்பியில் தொங்கும் பிளாஸ்டர் பலகை. மேலே நடப்பவன் தவறி அதில் கால் வைத்தால் கால் மட்டுமல்ல, ஆளே கீழே. பால்கனிக் கைப்பிடியை மாற்றக் கழற்றினால் அந்த விளிம்பும் ஆபத்து, மேடை விளிம்பும் அப்படியே.

சரி, பெல்ட் மாட்டலாம். எதில்? அமெரிக்க விதிப்படி ஒரு ஆளுக்கான கொக்கி 5,000 பவுண்டு தாங்க வேண்டும். மூன்று மாருதி 800-ஐ அதில் தொங்கவிடலாம்! நூறு வருஷத்துக்கு மேலான சுண்ணாம்புச் சுவரில் கண்ட இடத்தில் துளை போட்டுக் கொக்கி அடித்தால் அது தாங்குமா என்று இழுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தாங்கினாலும் கணக்கு இருக்கிறது. கயிறு 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைக் குறைக்கப் பிரியும் தையல் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5. கொஞ்சம் இடைவெளியும் விட்டால் ஐந்தரை மீட்டர் ஆகிறது. கொக்கியிலிருந்து தரை 4 மீட்டர்தான் என்றால் பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தரை பிடித்துவிடும். பிடித்தாலும் தொங்குபவனைச் சில நிமிஷங்களில் இறக்கியாக வேண்டும். பட்டை தொடையை நெரித்து ரத்த ஓட்டம் தடைப்படும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பெல்ட்டைக் கடைசியில் வைக்கிறார்கள். முதலில் அரங்கம் முழுக்கச் சாரம் கட்டி, கூரைக்குக் கொஞ்சம் கீழே பலகைத் தளம் போடுவது. விழுந்தாலும் இடுப்பளவு உயரம்தான். முடியாத இடத்தில் வலை. சாரம் கட்டச் செலவும் நாளும் ஆகும். திறப்பு விழாவில் அது கண்ணில் படாது (ரிப்பன் வெட்டுபவருக்குத் தெரியவும் தெரியாது). செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கத் தோன்றுவது அதில்தான்.

வலைக்கும் ஒரு எல்லை உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் வலை விரித்தார்கள். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். 1937 பிப்ரவரி 17 அன்று வேலை மேடையே கழன்று வலையில் விழுந்தது. வலை கிழிந்தது, 10 பேர் செத்தார்கள். மனிதன் விழுவதற்காகக் கட்டிய வலை, மேடை விழும் என்று எதிர்பார்க்கவில்லை.

எண்ணூரிலும் சரிந்தது, ஆட்கள் ஏறி நின்ற அமைப்பே. அதில் கொக்கி மாட்டியவன் அதோடுதான் வருவான். ஆக, பெல்ட் போட்டானா என்பது கடைசிக் கேள்வி. அந்தச் சட்டத்தை ஏறுவதற்கு முன் யார் சோதித்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒழுங்கான தளங்களில் சாரத்தில் பச்சை அட்டை தொங்கும்: சோதித்தாகிவிட்டது, ஏறலாம். சிவப்பு என்றால் ஏறாதே. அந்த அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் திப்ருகரிலிருந்து நேற்று ரயிலில் வந்து இறங்கியவனுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே அவன் மொழியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சிவப்பைப் பார்த்துவிட்டு "ஏற மாட்டேன்" என்றால் அன்றைய கூலியும் வெட்டுப்படக் கூடாது.