கிரெனோபிள் நகரத்து அடுக்களை

நளன் வாகுகன் என்னும் பெயர் பூண்டு அயோத்தி வேந்தனிடம் மடைத்தொழில் செய்த பகுதியை, நளவெண்பாவைக் கொண்டு 34 ஆண்டுகள் மாணாக்கர்க்கு விரித்துரைத்தவன் நான். நளபாகம், வீமபாகம் என்னும் தொடர்களுக்குக் கரும்பலகையில் பொருள் எழுதிக் காட்டியிருக்கிறேன். அடிசில், அட்டில், மடைப்பள்ளி, அடுக்களை என்னும் சொற்களின் வேறுபாட்டை ஒரு மணி நேரம் பேச வல்லேன். ஆயினும், அறுபத்தாறாம் வயது வரையில் ஓர் உருளைக்கிழங்கின் தோலையேனும் என் கையால் சீவியது இல்லை. இதனை இப்பொழுது எழுத நாணமாக இருக்கிறது. அக்காலத்தில் அது நாணத்தக்கது என்றே எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி காலமாகி ஓராண்டு கழிந்த பின்னர், என் மகள் என்னைத் தன் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டாள். அவள் வாழ்வது பிரெஞ்சு நாட்டில், ஆல்ப்ஸ் மலைகளின் இடையிலுள்ள கிரெனோபிள் என்னும் நகரில். என் மருமகன் புதுச்சேரியில் பிறந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தினர். நான் சென்றது மார்கழி மாதம். நகரைச் சூழ்ந்து ஷார்த்ரூஸ், வெர்க்கோர், பெல்தொன் என மூன்று மலைத்தொடர்கள் நிற்கின்றன. அவற்றின் முடிகள் வெண்பனியால் மூடப்பட்டிருந்தன. இசேர், திராக் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. நான் அவற்றைச் சாளரத்தின் வழியாகவே பெரிதும் கண்டேன். குளிர் என்னை வெளியே விடவில்லை.

சென்ற முதல் ஞாயிற்றுக்கிழமை அண்டை வீட்டு மூதாட்டியும் அவர்தம் மகனும் விருந்துக்கு வந்தனர். மகள் மின்னடுப்பினுள்ளிருந்து ஒரு மண்பாத்திரத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். அதன் மேற்புறம் செம்பொன் நிறமாகவும், ஓரங்களில் கறுத்தும் இருந்தது. எனக்கு மனம் திடுக்கிட்டது. விருந்தினர் எதிரே இவ்வாறு நேர்ந்துவிட்டதே என்று எண்ணி, "தீய்ந்துபோயிற்றே, அம்மா!" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். மகள் சிரித்தாள். பின்பு அதனைப் பிரெஞ்சு மொழியில் எடுத்துச் சொல்ல, அனைவரும் சிரித்தனர். அம்மூதாட்டி மட்டும் சிரிக்காமல், கரண்டியால் அக்கறுத்த ஓரத்தையே முதலில் பெயர்த்துத் தம் தட்டில் இட்டுக்கொண்டார்.

அவ்வுணவின் பெயர் 'கிரத்தேன் தோஃபினுவா'. பெயரில் தேன் ஒலித்தாலும் உணவில் தேன் இல்லை. மெல்லியதாகச் சீவிய உருளைக்கிழங்கு வில்லைகளைப் பாலிலும் பாலேட்டிலும் அமிழ்த்தி, பூண்டும் சாதிக்காயும் சேர்த்து, நெடுநேரம் மெல்லிய வெப்பத்தில் வேகவைப்பது அது. முட்டை சேர்ப்பதில்லை, பழைய முறைப்படி பாலாடைக்கட்டியும் சேர்ப்பதில்லை. பாலாடைக்கட்டி இட்டால் அது அடுத்த நாடாகிய சவ்வாயின் உணவாகிவிடும் என்று அம்மூதாட்டி விரலை உயர்த்தி எச்சரித்தார். புலால் உண்ணாத எனக்கு அந்நாட்டில் அச்சமின்றி உண்ணத்தக்க உணவு ஒன்று கிடைத்தது. வாயில் இட்டதும் கிழங்கு எது, பால் எது என்று பிரித்தறிய இயலாதவாறு கரைந்தது.

கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய நாட்டின் பெயர் தோஃபினே. அதன் ஆட்சியாளர் ஓங்கில் என்னும் கடல்விலங்கைத் தம் சின்னமாகக் கொண்டிருந்தனர். 'தோஃபேன்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு ஓங்கில் என்பதே பொருள். 1349-இல் அந்நாடு பிரெஞ்சு அரசகுடிக்கு உரியதான பின்னர், பட்டத்து இளவரசரும் அப்பெயராலேயே வழங்கப்பட்டனர். பாண்டியரின் கயலைப் பாடம் சொன்ன எனக்கு மலைநாட்டு வேந்தர் கடல்விலங்கைக் கொடியில் வைத்தது வியப்பாயிற்று.

உருளைக்கிழங்கு பிரெஞ்சு நாட்டிற்கும் நம் நாட்டைப் போலவே வந்தேறிய பயிர்தான். அதன் தாயகம் தென்னமெரிக்காவின் மலைகள். முதலில் பிரெஞ்சு மக்கள் பலர் அதனை ஐயுற்றனர். விலங்குகளின் உணவென்று ஒதுக்கினர். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்ட பார்மந்தியே என்னும் மருந்தாளர், அச்சிறையில் உருளைக்கிழங்கையே உண்டு உயிர் வாழ்ந்தார். மீண்ட பின்னர் அதன் பெருமையைத் தம் நாட்டார்க்கு எடுத்துரைப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். பாரிசு நகரத்து மருத்துவ அறிஞர் அவை 1772-இல் அது உண்ணத்தக்கதே என்று தீர்ப்பளித்தது. இன்றும் பாரிசில் அவர் கல்லறைமீது மலர்களோடு உருளைக்கிழங்குகளையும் வைத்துச் செல்வோர் உளர்.

நம் உணவின் பெயர் ஏட்டில் முதன்முதலாகக் காணப்படுவது 1788-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12-ஆம் நாளில் நடந்த ஒரு விருந்தைப் பற்றிய குறிப்பில் என்பர். தோஃபினேயில் அரசரின் படைத்தலைவராக இருந்த கிளெர்மோன் தொன்னேர் கோமகன், காப் என்னும் ஊரின் அலுவலர்களுக்கு அவ்விருந்தை அளித்தார். சிறு பறவைகளின் இறைச்சியோடு இதுவும் பரிமாறப்பட்டதாம். அதற்கு ஐந்து வாரம் முன்பு, சூன் 7-இல், கிரெனோபிள் மக்கள் கூரைமேல் ஏறி நின்று அரசரின் படைமீது ஓடுகளைப் பெயர்த்து எறிந்தனர். 'ஓடுகளின் நாள்' என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னறிகுறி அது. கல்லெறி ஓய்ந்த சூட்டில் விருந்து வைத்த கோமகனின் மனநிலை யாதோ! இவற்றையெல்லாம் மருமகன் நூல்களைப் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னார். என் பிரெஞ்சு, கடைப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவினதே.

அந்நாட்டில் புதன்கிழமைகளில் பிற்பகல் வேளையில் என் பெயர்த்திக்குப் பள்ளி இல்லை. பதினோரு வயதினள். தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது மட்டும் சொற்கள் தயங்கித் தயங்கி வரும். நானும் அவளும் தனித்திருக்கும் அவ்வேளைகளில் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைப்பதில்லை. ஆத்திசூடியைத் தொடங்கிப் பார்த்தேன். அவள் மரியாதையாகக் கொட்டாவி விட்டாள். ஒரு நாள் மகள் வேலைக்குப் புறப்படும்போது, "இன்று நீங்கள் இருவரும் சேர்ந்து அதனைச் செய்து வையுங்கள், அப்பா" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

கிழங்கு ஒரு கிலோ. பால் அரை லிட்டர். கொழுத்த பாலேடு கால் லிட்டருக்குச் சிறிது மேல். பெயர்த்தி கணக்குப் பாடம் ஒப்பிப்பவள் போல எனக்குச் சொன்னாள். வாழைக்காய் சீவுவது போன்ற சீவுகட்டை ஒன்று இருந்தது. ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கினாற்போன்ற கனத்தில், அஃதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவில், வில்லைகள் விழ வேண்டும். என் முதல் கிழங்கு ஒரு புறம் தடித்தும் ஒரு புறம் மெலிந்தும் ஆப்புப் போல வந்தது. கட்டைவிரல் நுனியிலும் சிறிது சீவிக்கொண்டேன். பின்பு, அவள் தன் வீட்டுப்பாடத்தை எழுதச் சென்ற நேரத்தில், என் அறிவைப் பயன்படுத்தினேன். வறுவலுக்குச் சீவிய கிழங்கை என் மனைவி நீரில் மும்முறை அலசித் துணியில் ஒற்றியெடுப்பதைக் கூடத்திலிருந்து கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறே அலசினேன். பாலை ஊற்றி அடுப்பினுள் வைத்தேன். 160 பாகை வெப்பத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்பது கட்டளை. அரைமணி ஆகியும் மேற்புறம் வெளுத்தே கிடந்தது. பொறுமை இழந்து வெப்பத்தை 220-க்கு உயர்த்தினேன்.

விளைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் திரிந்து நீர் வேறு கட்டி வேறு ஆயிற்று. வில்லைகள் ஒன்றோடொன்று சேராமல் மிதந்தன. மேலே கரி, உள்ளே நறுக்கென்று கடிபடும் பச்சைக்கிழங்கு. பெயர்த்தி ஓடிவந்து பார்த்து, "தாத்தா, கழுவினீர்களா? கழுவவே கூடாதே!" என்றாள். கிழங்கிலுள்ள மாவே பாலில் இறங்கி அதனைக் குழம்பாக்கி, வில்லைகளை ஒன்றோடொன்று பற்றச் செய்வது. அதனை நான் மூன்று முறை நீரில் ஊற்றிக் களைந்திருக்கிறேன். மாலையில் மகள் ஒன்றும் சொல்லாமல் அதனை அகற்றிவிட்டு இட்டலிக்கு மாவைக் கரைத்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அரைநாள் உழைத்த உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று எண்ணினேன்.

அவ்விரவு உறக்கம் வரவில்லை. மருமகனிடம், "கிரத்தேன் என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று கேட்டேன். தோல்வியுற்றவன் அகராதியில் அடைக்கலம் புகுவது புலவர் வழக்கம். அவர் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தார். சுரண்டுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த பெயராம் அது. பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டதும், சுரண்டி எடுக்கப்படுவதுமாகிய பொருளையே முதலில் குறித்தது. நாம் காந்தல் என்றும் பொருக்கு என்றும் சொல்வோமே, அது. பிற்காலத்தில் மேலே முறுகச் செய்த உணவுக்கு ஆயிற்று. இன்னும் ஒரு வியப்பு: ஊரிலுள்ள உயர்குடி மக்களையும் பிரெஞ்சுக்காரர் பேச்சுவழக்கில் அச்சொல்லாலேயே குறிப்பர். பானையின் அடியில் கிடந்த சொல் சபையின் முன்வரிசைக்கு ஏறிவிட்டது!

வேறொரு நாளாக இருந்தால் இச்சொல் வரலாற்றில் மகிழ்ந்திருப்பேன். அன்று என் மனம் எங்கள் வீட்டு அடுக்களைக்குச் சென்றது. அனைவரும் உண்டு எழுந்த பின்னர், என் மனைவி சுவரோரம் அமர்ந்து பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டும் ஒலி கூடத்திற்குக் கேட்கும். ஒரு நாள், "அந்தக் காந்தலை ஏன் தின்கிறாய்? கொட்டிவிடு" என்று சொன்னேன். "எனக்கு இது போதும்" என்றாள். அவள் சிக்கனத்தை நினைத்து நிறைவுற்றுப் புத்தகத்தை விரித்தேன்.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டை நான் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். புதிதாக மணந்த இளம்பெண் தாளிப்புப் புகை கண்ணில் படிவதையும் பொருட்படுத்தாது தயிரில் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் அதனைச் சுவையுடைத்தென்று சொல்லிக்கொண்டே உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இதனைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். மாணாக்கர் எழுதாமல் கேட்பார்கள். வீட்டிற்கு வந்தால் இலையின் முன் அமர்ந்து, உப்புக் குறைந்த நாளில் மட்டுமே வாய் திறப்பேன். உப்புச் சரியாக இருந்த நாள்களே மிகுதி. ஆதலின் எங்கள் உணவுவேளை பெரும்பாலும் மௌனமாகவே கழிந்தது.

அடுத்த புதன்கிழமை வந்தது. இம்முறை பெயர்த்தி ஆசிரியை, நான் மாணாக்கன். சதை கெட்டியான மஞ்சள் நிறக் கிழங்குகளைச் சீவுவதற்கு முன்பே கழுவித் துடைத்தோம். சீவிய பின் நீரைக் காட்டவில்லை. பாலையும் பாலேட்டையும் உப்பும் மிளகுத்தூளும் கூட்டி ஒரு வாணலியில் சூடாக்கி, வில்லைகளை அதில் இட்டுப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டோம். பால் கெட்டிப்பட்டுக் கரண்டியில் படிந்தது. கிழங்கின் மாவு தன் வேலையைச் செய்வதை நான் கண்ணாரக் கண்டேன். மண்பாத்திரத்தின் உட்புறத்தில் பூண்டுப் பல்லை அறுத்துத் தேய்க்கச் சொன்னாள். அதன்மேல் வெண்ணெய். சாதிக்காயை அவள் உரசும்போது, "நீ கைக்குழந்தையாய் இருந்தபோது உன் பாட்டி இதனைச் சந்தனக்கல்லில் இழைத்து உன் நாவில் தடவினாள்" என்று சொன்னேன். அவள் உரசுவதை நிறுத்திவிட்டு, 'இழைத்து' என்றால் என்ன என்று கேட்டாள். கையால் செய்து காட்டினேன். பாட்டி வேறு என்ன செய்வார் என்று கேட்டாள். ஆத்திசூடியால் நிகழாதது சாதிக்காயால் நிகழ்ந்தது. அடுப்பில் அது வெந்த ஒன்றேகால் மணி நேரமும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வெப்பத்தை மாற்றும் திருகின் பக்கம் நான் போகாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

வெளியே எடுத்ததும் உடனே பரிமாறக் கூடாதாம். பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் பால் முழுவதும் கிழங்கில் ஊறி நிலைபெறும். மகளும் மருமகனும் மேசையருகே காத்திருந்தனர். துண்டு போட்டபோது அடுக்குக் குலையாமல் எழுந்தது. மகள் ஒரு வாய் உண்டாள். "நன்றாக இருக்கிறது, அப்பா" என்றாள்.

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவது போல அடுக்களைக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது பெயர்த்தி பாத்திரத்தின் மூலையிலிருந்த கருஞ்சிவப்புப் பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மகள் அவளைப் பார்த்து, "உன் பாட்டியைப் போலவே இருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாது, அப்பா. வெண்ணெய் காய்ச்சும் நாளில், நெய்யை வடித்த சட்டியின் அடியில் கசண்டு ஒட்டியிருக்கும். அதில் சுடுசோற்றைப் போட்டுச் சுரண்டிப் பிசைந்து எனக்கு ஒரு கவளம், தனக்கு ஒரு கவளம் என்று அம்மா உருட்டுவாள். சோற்றுப் பானைக் காந்தலும் அப்படித்தான். எங்கள் இருவருக்கும் அதற்குப் போட்டியே நடக்கும். உங்களுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நாள் கேட்டேன். அவருக்குக் காந்தல் பிடிக்காது என்று சொல்லிவிட்டாள்."

பெயர்த்தி இன்னொரு கரண்டியை எடுத்து என் கையில் தந்தாள். பாத்திரத்தின் மறுமூலை எனக்கென்று விடப்பட்டிருந்தது. பூண்டின் மணமும் வெண்ணெயின் முறுகலும் பாலின் இனிப்புமாக அது நாவில் நின்றது. "நன்றாக இருக்கிறது" என்று உரக்கச் சொன்னேன். யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று பெயர்த்தி திரும்பிப் பார்த்தாள். அன்று அப்பாத்திரத்தைக் கழுவுவதில் மகளுக்கு அதிக வேலை இருக்கவில்லை.